தாமான் வீட்டுக்கு அடியில் ஒரு தோட்டம்

ஜொகூர் பாருவில் தாமான் மவுண்ட் ஆஸ்டினில் குடியிருப்பவரிடம் முகவரி கேட்டால் தாமான் பெயரையும் சாலைப் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்வார். அதே இடத்தை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அரசாங்க வரைபடத்தில் தேடிப் பார்த்தால் அந்தச் சாலையும் இருக்காது, அந்த எண்ணும் இருக்காது. ரப்பர் காட்டைக் காட்டும் பச்சை நிறமும் குறிகளும் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைய தாமானின் பெயர் அன்று தோட்டத்தின் பெயர்.

அப்படிப்பட்ட தோட்டப் பகுதிகளை உற்றுப் பார்த்தால் செம்மண் பாதையின் ஓரத்தில் வரிசை வரிசையாகச் சிறு கறுப்புப் பெட்டிகள் தெரியும். அவைதாம் லயங்கள். நம்மவர்களில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் பிறந்து வளர்ந்த வீடுகள் அரசாங்கத் தாளில் அந்த அளவுக்குத்தான் இடம் பிடித்தன. ஆனால் இடம் பிடித்தன என்பது முக்கியம். லயம் இடிக்கப்பட்டுவிட்டது, மரம் வெட்டப்பட்டுவிட்டது, தோட்ட அலுவலகமும் போய்விட்டது. அந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் தாளில் அப்படியே இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜொகூர் பாரு மாவட்டத்தில் மட்டும் 17 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் இங்கே நகரை நிறுவியபோது தஞ்சோங் புத்ரி என்ற மீனவர் கிராமம்தான் இருந்தது. நகருக்கு முதலில் இஸ்கந்தர் புத்ரி என்று பெயர். 1866இல் அபு பாக்கார் அதை ஜொகூர் பாரு என்று மாற்றினார். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் இந்தக் கரையோரம் எப்படிப் பெருத்தது என்பதைச் சொல்ல எத்தனையோ நூல்கள் உண்டு. ஆனால் எந்த மேட்டில் எந்தக் காடு அழிந்து எந்தத் தாமான் எழுந்தது, கடல் எங்கே நின்றது, இப்போது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று இடம் சுட்டிக் காட்டுபவை பழைய நிலத்தோற்ற வரைபடங்கள்தாம். மலாயில் பேத்தா தோப்போகிராபி என்கிறார்கள்.

சாதாரண சாலை வரைபடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சாலை வரைபடம் வழி சொல்லும், அதோடு சரி. நிலத்தோற்ற வரைபடம் நிலத்தின் மேலுள்ள யாவற்றையும் பதிவு செய்ய முயலும். மேடும் பள்ளமும் சம உயரக் கோடுகளாக வரும். ஆறு, சதுப்பு, அலையாத்திக் காடு, ரப்பர், செம்பனை, தென்னை, நெல்வயல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. மசூதி, கோயில், பள்ளி, போலீஸ் நிலையம், இடுகாடு, சாலையோர மைல்கல் கூட வரும். ஐந்தாங்கட்டை, பத்தாங்கட்டை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்களே, அந்தக் கட்டைகளைத் தாளில் எண்ணிக்கொண்டே போகலாம்.

பழைய தாள்களில் பெரும்பாலானவை ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வரையப்பட்டவை. அதாவது நிலத்தில் 63,360 அங்குலம் தாளில் ஓர் அங்குலம். பின்னாளில் 1:50,000 என்ற அளவு வந்தது. இதில் தாளின் இரண்டு சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

அளந்தவர்கள் யார்?

ஜொகூரை வெள்ளைக்காரர்தாம் முதலில் அளந்தார் என்று நினைப்பது தவறு. டத்தோ பெந்தாரா லுவார் என்ற பட்டம் பெற்ற முகமது சாலே பின் பெராங் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த மாநிலத்தை ஆறு ஆறாக, காடு காடாகச் சுற்றி அளந்து வரைபடம் தயாரித்தவர். பத்து பகாட் நகரை உருவாக்கியவரும் அவரே. தம் வாழ்க்கையைத் தாமே எழுதியும் வைத்தார். பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஆதிக்கம் வலுத்த பிறகு மலாயா முழுவதற்குமான நில அளவைத் துறை ஜொகூரின் தாள்களை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாவின் வரைபடங்களை இந்திய நில அளவைத் துறையும் ‘ஹிண்ட்’ வரிசை என்ற பெயரில் அச்சிட்டது. போருக்குப் பின் சிங்கப்பூரிலிருந்து பறந்த பிரிட்டிஷ் விமானப் படை வானிலிருந்து எடுத்த படங்களும் வரைபடத் தயாரிப்புக்கு உதவின. சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பொறுப்பு நம் நாட்டு அரசாங்கத் துறையிடம் வந்தது. இன்று ஜூபேம் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மலேசிய நில அளவை, வரைபடத் துறை அதுதான்.

இப்படிப் பல காலத்துத் தாள்கள் இருப்பதால்தான் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடிகிறது. ஒரே ஒரு தாள் ஒரு புகைப்படம் மாதிரி. நான்கு தாள்களை அடுத்தடுத்து வைத்தால் கரையோரம் நகரத் தொடங்கிவிடும்.

ஆற்று வாயில் தொடங்கிய ஊர்கள்

மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்தால் புலாய், மெலாயு, ஸ்கூடாய், தெப்ராவ், மாசாய் என்று ஆறுகள் வரிசையாக ஜொகூர் நீரிணையில் வந்து விழுகின்றன. பழைய தாள்களில் இந்த ஆறுகளை ஒட்டி உள்ளே போனால் கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் போன்ற பெயர்கள் கண்ணில் படும். ‘கங்கார்’ என்பது தியோசூ சீனர்களின் சொல். ஆற்றின் அடிவாரம், படகுத்துறை என்று பொருள். 1844இலிருந்து ஜொகூர் ஆட்சியாளர்கள் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுரிமைப் பத்திரங்களைக் கொடுத்துச் சீனர்களை மிளகும் காம்பிரும் பயிரிட அனுமதித்தனர். அந்தக் கங்சு முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. மிளகும் காம்பிரும் போய்விட்டன, பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் இருக்கிறது.

அன்று ஆறுதான் சாலை. 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்ததும் ஊர்கள் ஆற்றை விட்டுத் தண்டவாளத்தின் பக்கம் திரும்பின. 1923இல் கடற்பாலம் வந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுள்ள அந்தக் கல்மேட்டுப் பாதை முதலில் சரக்கு ரயிலுக்கும் அதே ஆண்டு அக்டோபரில் பயணிகளுக்கும் திறக்கப்பட்டது. 1924 ஜூனில் அதிகாரப்பூர்வ திறப்பு விழா நடந்தது. வரைபடத்தில் அது நீலத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு. உண்மையில் அது நீரிணையையே கிழக்கு, மேற்கு என இரண்டாக்கி நீரோட்டத்தைத் தடுத்த சுவர். அதற்குப் பிந்திய தாள்களில் கறுப்புப் பெட்டிகள் பாலத்தின் வாயிலிருந்து விசிறி போல் விரிகின்றன. தெப்ராவ் சாலை ஒரு விரல், கடலை ஒட்டி மேற்கே போகும் ஸ்கூடாய் சாலை இன்னொரு விரல். விரல்களுக்கு நடுவே எல்லாம் ரப்பர்.

இந்தக் காலத்துத் தாள்களில் நகருக்குள் ஓடும் சிறிய செகெட் ஆற்றையும் கவனிக்க வேண்டும். ஜாலான் வோங் ஆ ஃபூக் கடைவீதியை ஒட்டி ஓடும் இந்த ஆறு நடுவில் சில ஆண்டுகள் மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. ஆற்றை மூடினால் தண்ணீர் வழி மறந்துவிடுமா? கனமழை பெய்தால் அந்த வட்டாரம் ஏன் தத்தளித்தது என்பதற்குப் பழைய தாளின் ஒரு நீலக் கோடு விடை சொல்லிவிடும். புதிதாக வீடு வாங்குபவர் விற்பனையாளரின் வண்ணப் புத்தகத்தைப் பார்க்கிறார். அந்த மனை முன்பு மேடா, சதுப்பா என்று பழைய வரைபடத்தைப் பார்ப்பவர் மிகக் குறைவு.

தோட்டத்தின் வேலி, தாமானின் எல்லை

1970களுக்குப் பிந்திய தாள்களில் மாற்றம் மளமளவென்று தெரிகிறது. 1977இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னே தொழிற்சாலைகள், தொழிற்சாலைகளின் பின்னே வேலைக்கு வந்தவர்களுக்கான வீடுகள். தெப்ராவ் ஆற்று முகத்துவாரத்துக்குக் கிழக்கே பெர்மாஸ் ஜெயா எழுந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது, 1999இல் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதுவரை தூங்கிக் கிடந்த கேலாங் பாத்தா பக்கமும் விழித்துக்கொண்டது. 2006இல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. செம்பனைத் தோட்டங்களாக இருந்த இடத்தில் நூசாஜெயா உருவாகி, 2009இல் மாநில நிர்வாகம் கோத்தா இஸ்கந்தருக்குக் குடிபெயர்ந்தது. 2016இல் நூசாஜெயாவின் பெயரும் மாறியது. என்ன பெயர் தெரியுமா? இஸ்கந்தர் புத்ரி! 1855இல் ஜொகூர் பாருவுக்கு வைத்த அதே பெயர் மேற்கே நகர்ந்து புது நகரத்துக்கு ஒட்டிக்கொண்டது. பெயரை மட்டும் நம்பிப் பழைய ஆவணம் படிப்பவர் ஏமாந்து போவார்.

இரு காலத்துத் தாள்களையும் பொருத்திப் பார்க்கும்போது வேறொன்றும் புலப்படும். புறநகர் ஈரத்துணியில் மை ஊறுவதைப் போல ஒரே சீராகப் பரவவில்லை, துண்டு துண்டாகத் தாவியது. காரணம் எளிது. கம்பத்து நிலம் நூறு பேருக்குச் சொந்தம். ஒவ்வொருவரிடமும் பேசி வாங்க வேண்டும். தோட்டமோ ஆயிரக்கணக்கான ஏக்கர், ஒரே பட்டா, ஒரே கம்பெனி. ஒரு கையெழுத்தில் வேலை முடிந்துவிடும். ரப்பர் விலை சரியும்போதும் நில விலை ஏறும்போதும் கம்பெனி விற்றது, மேம்பாட்டாளர் வாங்கினார். அதனால் பல தாமான்களின் வெளிக்கோடு இன்றும் பழைய தோட்டத்தின் வேலிக் கோடுதான். திடீரென்று ஒரு தெரு முட்டி நின்றுவிடுகிறதே, அடுத்த தாமானுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறதே, அங்கேயெல்லாம் ஒரு தோட்ட எல்லை இருந்ததா என்று பார்க்கலாம்.

கோடு தள்ளிப்போன கதை

நிலத்துக்கு மேல் நடந்த மாற்றம் இது. கரைக்கு என்ன ஆனது?

பழைய தாள்களில் ஜொகூர் நீரிணையின் கரை ஒரு நேர்க்கோடு அல்ல. ஆற்று வாய்களில் அலையாத்திக் காடு அகலமான பட்டையாக வரையப்பட்டிருக்கும். நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இடம் அது. நகர்ப்புறத்தில் லீடோ கடற்கரையை ஒட்டிச் சாலை போகிறது, சாலைக்கு அந்தப் பக்கம் கடல். இன்று தஞ்சோங் புத்ரி முதல் டங்கா விரிகுடா வரை பல இடங்களில் அந்தச் சாலைக்கும் நீருக்கும் நடுவே அடுக்குமாடிகள் நிற்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். இதற்கு ‘நில மீட்பு’ என்று பெயர் வைத்திருப்பது வேடிக்கைதான். யாரிடம் பறிகொடுத்ததை மீட்டார்கள்?

எல்லாவற்றுக்கும் சிகரம் ஃபாரஸ்ட் சிட்டி. தஞ்சோங் குப்பாங் கிராமத்துக்கு எதிரே பழைய நிலத்தோற்ற வரைபடத்தில் வெறும் நீல நிறம். கடற்பயணிகளின் வரைபடத்தை எடுத்தால் அங்கே மெராம்போங் திட்டு என்னும் ஆழமற்ற பகுதி தெரியும். தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய கடற்புல் படுகைகளில் ஒன்று அது. கடல் குதிரைகளுக்கும் ஆவுளியாக்களுக்கும் அது மேய்ச்சல் நிலம். 2014இல் அங்கே கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் கவலை தெரிவித்தது. சுற்றுச்சூழல் ஆய்வுக்காகப் பணி நிறுத்தப்பட்டு, பரப்பு குறைக்கப்பட்டு, 2015இல் சுமார் 1,386 ஹெக்டருக்கு அனுமதி கிடைத்தது. நான்கு தீவுகள், 7 லட்சம் மக்கள் என்பது அன்றைய திட்டம். குடியேறியவர்களோ அதில் மிகச் சிறு பகுதி. 2023இல் அது சிறப்பு நிதி மண்டலமாக அறிவிக்கப்பட்டது. வீடுகள் நிரம்புகின்றனவோ இல்லையோ, இனி வரும் எந்த வரைபடத்திலும் அந்த இடத்தை நீலமாக வரைய முடியாது.

சில கிலோமீட்டருக்கு அப்பால் காட்சி தலைகீழ். 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகச் சுங்கை புலாய், புலாவ் குக்குப், தஞ்சோங் பியாய் மூன்றும் சேர்க்கப்பட்டன. சுங்கை புலாய் மட்டும் 9,126 ஹெக்டர். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாயில் அலை கரையை அரிக்கிறது. ஒரு பக்கம் மனிதன் கோட்டை வெளியே தள்ளுகிறான், இன்னொரு பக்கம் கடல் அதை உள்ளே தள்ளுகிறது.

வரைபடம் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. ஓராங் செலேத்தார் மக்கள் நீரிணையின் இரு கரையிலும் கூரை வேய்ந்த படகுகளிலேயே வாழ்ந்தவர்கள். படகு இன்று இந்த ஆற்றில், நாளை அடுத்த ஆற்றில். கறுப்புப் பெட்டி போட வீடு இல்லாதவர்களைத் தாளில் எங்கே காட்டுவது? பிற்காலத்தில் சுங்கை தெமோன், பாக்கார் பத்து போன்ற கரையோரக் கம்பங்களில் குடியமர்ந்தார்கள். டங்கா விரிகுடா மேம்பாடு நெருங்கி வந்தபோது தங்கள் பாரம்பரிய நிலத்துக்காக நீதிமன்றப் படியேறவும் நேர்ந்தது. தாளில் வெற்றிடமாக இருப்பதால் அங்கே ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தாளையும் சந்தேகிக்க வேண்டும்

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. முன்பு சொன்ன கணக்கு இங்கே வருகிறது. ஓர் அங்குலம், ஒரு மைல் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 63 மீட்டர். இரண்டு தாள்களில் கரைக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் கடல் நகர்ந்துவிட்டது என்று குதிக்கக் கூடாது. வரைந்தவர் பேனாவோ, ஈரத்தில் விரிந்த காகிதமோ காரணமாக இருக்கலாம். நிலத்தோற்ற வரைபடத்தின் கரைக்கோடு பொதுவாக ஏற்றநீரின் எல்லையை ஒட்டியது. ஆகவே வற்றுநீரில் அரை மைல் தூரத்துக்குச் சேறு தெரியும் இடத்திலும் அது நீலமாகவே இருக்கும்.

தேதி இன்னும் பெரிய பொறி. தாளின் ஓரத்தில் உள்ள ஆண்டு அச்சிட்ட ஆண்டாக இருக்கலாம். நிலத்தை அளந்ததோ வான்படம் எடுத்ததோ பல ஆண்டுகளுக்கு முன்பாக இருக்கும். அதையும் சிறு எழுத்தில் அங்கேயே போட்டிருப்பார்கள், படிக்க வேண்டும்.

‘ஒரு பழைய தாளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?’ என்று கேட்பவர்கள் பத்து புத்தே தீவு வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தப் பாறைத் தீவு யாருக்கு என்ற வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீவு சிங்கப்பூருக்குப் போனது, அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கு வந்தன. 1953இல் ஜொகூரிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதம் அதில் பெரிதும் பேசப்பட்டது. கூடவே 1962 முதல் 1975 வரை நம் தரப்பு அரசாங்கத் துறையே வெளியிட்ட வரைபடங்களில் தீவின் பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்று அச்சாகியிருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு சொல்!

கோயிலுக்கு அது எப்படி உதவும்?

நாட்டுக்கு நாடு வழக்கில் மட்டுமல்ல, தோட்டத்துக் கோயில் விஷயத்திலும் பழைய தாள் பேசும். நகருக்குள் ரயில் பாதையை ஒட்டி, 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயம் இன்று கண்ணாடிக் கோயிலாக மின்னுகிறது. அதற்கு நிலமும் இருந்தது, ஆதரவும் இருந்தது. எல்லாக் கோயிலுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. தோட்ட நிர்வாகம் வாய்மொழியாக இடம் கொடுத்தது, மக்கள் கட்டினார்கள், மூன்று தலைமுறை கும்பிட்டது. தோட்டம் கைமாறியதும் ‘அனுமதியில்லாமல் கட்டியது’ என்று ஒரே வரியில் கடிதம் வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலத்தோற்ற வரைபடம் பட்டா ஆகாது. நிலம் யாருடையது என்று அது சொல்லாது. அதற்கு லாட் எண்ணோடு கூடிய அளவைப் படமும், ‘பெலான் அக்குவி’ எனப்படும் சான்றளிக்கப்பட்ட படமும், நில அலுவலகப் பதிவும் வேண்டும். ஆனால் தாமான் வருவதற்கு முன்பே அந்த மேட்டில் கோயில் குறி இருந்தது, பக்கத்தில் லயம் இருந்தது, பாதை இருந்தது என்று அரசாங்கமே அச்சிட்ட தாள் காட்டுமானால், ‘நேற்று முளைத்தது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மாற்று இடம் பற்றிப் பேசும் மேசையில் அது பயன்படும். சிறு கோயில் எல்லாமே தாளில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டாலும் லயம் இருந்த இடம் தெரியும், அதுவே பாதி ஆதாரம்.

நம் நாட்டு நிலத்தோற்ற வரைபடங்களில் பல பாதுகாப்புக் காரணத்துக்காகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஜூபேமிடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். பழைய தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நீரிணையின் கரையைக் காட்டும் பல தாள்களைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்திலும் காணலாம். 1972இலிருந்து பறக்கும் லேண்ட்சாட் துணைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசம். தாள்கள் நிற்கும் இடத்திலிருந்து அவை கதையைத் தொடர்கின்றன.

தேடும்போது ஒரு சிக்கல் வரும், தயாராக இருங்கள். தோட்டத்தின் பெயர் தாளில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் மக்களோ பல தோட்டங்களுக்குத் தாங்களே தமிழில் வேறு பெயர் வைத்துத்தான் புழங்கினார்கள். கங்காணியின் பெயர், மரத்தின் பெயர், கோயிலின் பெயர் என்று எதையாவது வைத்து அழைத்தார்கள். அந்தப் பெயர்களில் பல எந்த அரசாங்கத் தாளிலும் ஏறவில்லை. வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் தாளின் பிரதியை முன்னால் விரித்து, ஆற்றையும் ரயில் பாதையையும் காட்டி, லயம் எது, பால் கொட்டாய் எது, கோயில் எது, தோட்டத்தை என்ன பெயரில் அழைத்தீர்கள் என்று கேட்டு, அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.